சவுக்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சென்ற இதழில் 1741ஆம் ஆண்டு குளச்சல் போரைப் பற்றி எழுதியபோது, ‘திருவிதாங்கூரைத் தாங்கி நிறுத்தியது மிளகும் சுங்கமும்தான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். போரை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கு மிகவும் மகிழ்ச்சி. போருக்கு நினைவுத் தூண் இருக்கிறது, சுங்கத்துக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பெரியவர்கள் ‘சவுக்கை’ என்கிறார்களே, சாட்டையையா சொல்கிறார்கள்? (தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

சாட்டை இல்லை, அம்மா. சவுக்கை என்றால் சுங்கச் சாவடி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் திருவிதாங்கூருக்குள் நுழைவார்கள். இந்தப் பக்கம் மகாராஜா ஆட்சி, அந்தப் பக்கம் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி, பிறகு வெள்ளைக்காரச் சர்க்கார். நடுவில் சவுக்கை. எங்கள் ஆச்சியின் தாத்தா அங்கே சிப்பந்தியாக இருந்தவர். வைக்கோலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவது அவருடைய வேலை. ஆடி மாதக் காற்றில் வைக்கோல் பறந்து கண்ணில் விழும் என்று ஆச்சி சொல்வார். அவர் துழாவித் தேடியது பெரும்பாலும் ஒரே ஒரு பொருளைத்தான்.

கேள்வி: அந்தப் பொருள் புகையிலையா? அதற்கு ஏன் அத்தனை காவல்? (நாகர்கோவில் வாசகர்)

புகையிலையேதான். சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

வெற்றிலை போடாத வீடு அன்று குறைவு. ஆனால் திருவிதாங்கூரில் புகையிலை விளைச்சல் போதாது. யாழ்ப்பாணத்திலிருந்து தோணியிலும், பாண்டிச் சீமையிலிருந்தும் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் தரை வழியாகவும் வந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கரைக்கென்றே பக்குவம் செய்த சரக்குக்கு ‘மலையாளப் புகையிலை’ என்றே பெயர். அதை வாங்கி விற்கும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டும் இருந்தது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருந்த தொகை கஜானாவுக்குப் போனது. கணவாய்க்கு அந்தப் பக்கம் மலிவு, இந்தப் பக்கம் பல மடங்கு என்றால் கடத்தல் வராமல் என்ன செய்யும்? மலைப்பாதையில் தலைச்சுமையாகவே கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்களில் அநேகர் கூலிக்குச் சுமந்த ஏழைகள். என் வீட்டு மனிதர் பிடித்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது.

1860இல் மிளகின் மீதிருந்த அரசுத் தனியுரிமையை எடுத்தார்கள், 1863இல் புகையிலையின் மீதிருந்ததை. அதன் பிறகு யாரும் புகையிலை வாங்கி விற்கலாம், தீர்வை கட்டினால் போதும்.

கேள்வி: 1865ஆம் ஆண்டு வர்த்தக ஒப்பந்தத்தால் திருவிதாங்கூருக்கு லாபமா, நஷ்டமா? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

வங்கிக்காரர் கேட்கிற கேள்வி! ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஐயா.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது? திருவிதாங்கூரின் கொப்பரையும் கயிறும் மிளகும் பம்பாயில் போய் இறங்கினால், ஏதோ அந்நிய தேசத்துச் சரக்கு என்று தீர்வை போட்டார்கள். இங்கே வருகிற சரக்குக்கு இவர்களும் போட்டார்கள். ஒரே கரையில், கூப்பிடு தூரத்தில், கொச்சி அரசு ஒன்று, வெள்ளைக்காரர் வசமிருந்த அஞ்சுதெங்கும் தங்கசேரியும் வேறு. ஒரு வியாபாரி எத்தனை இடத்தில்தான் மூட்டையை அவிழ்ப்பார்?

1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து இந்தத் தடைகளை நீக்கின. பிரிட்டிஷ் இந்தியச் சரக்குக்கு இங்கே இறக்குமதித் தீர்வை கிடையாது, திருவிதாங்கூர்ச் சரக்குக்கு அங்கே கிடையாது. புகையிலை, உப்பு, அபின், சாராயம் ஆகியவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் ஆரல்வாய்மொழிக் காவல் அன்றோடு முடிந்துவிடவில்லை. வருமான இழப்புக்கு ஈடாகத் திருவிதாங்கூருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். அதே திருவிதாங்கூர் 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வருடந்தோறும் கும்பினிக்குக் கட்ட ஒப்புக்கொண்ட கப்பம் 8 லட்சம் ரூபாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வியாபாரிக்கு லாபம்தான், மறுக்க மாட்டேன். அரிசி தடையின்றி வந்தது, நாஞ்சில் நாட்டு நெல் போதாத வருடங்களில் அது உயிர் காத்தது.

ஆனால் கொடுத்த விலை என்ன? வெளிநாட்டுச் சரக்குக்குப் பிரிட்டிஷ் இந்தியா என்ன தீர்வை போடுகிறதோ, அதையே தன் துறைமுகங்களிலும் போடுவதாகத் திருவிதாங்கூர் கையெழுத்திட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலுக்குப் பிறகு 1882இல் பிரிட்டிஷ் இந்தியா துணி உள்ளிட்ட பெரும்பாலான சரக்குகளுக்கு இறக்குமதித் தீர்வையை எடுத்தது. அப்போது குளச்சலிலும் ஆலப்புழையிலும் தனியாக ஒரு தீர்வை வைக்க வழியில்லை. இரணியலிலும் வடசேரியிலும் தறி போட்டவர்களைக் காக்க மகாராஜாவே நினைத்தாலும் முடியாது. உப்பிலும் இதே கதை. பிரிட்டிஷ் இந்திய விலைக்கு இங்கேயும் உயர்த்த வேண்டியிருந்தது. தாமரைக்குளத்தில் அளத்தில் நின்று உப்பு வாரினவர், அந்த உப்பையே கூடுதல் விலைக்கு வாங்கிக் கஞ்சியில் போட்டார். என் கணக்கில் இதுதான் பெரிய நஷ்டம். எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பத்தி கிடையாது.

கேள்வி: அப்படியானால் திவான் மாதவராவை இன்னொரு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று சொல்லலாமா? (களியக்காவிளை)

கூடாது. கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ் 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக, அதாவது முதன்மை அமைச்சராக இருந்தார். காலியான கஜானாவைத்தான் ஏற்றுக்கொண்டார், கடனை அடைத்தார். அவர் காலத்தில் தனியுரிமைகள் போயின, எல்லைத் தீர்வைகள் குறைந்தன. சுங்கம் போகவில்லை. கொப்பரைக்கும் மிளகுக்கும் ஏற்றுமதித் தீர்வை தொடர்ந்தது.

கேள்வி: கொச்சித் துறைமுகச் சுங்கம் யாருக்குச் சேர்ந்தது? (கோவை வாசகி)

துறைமுகத்தை ஆழப்படுத்தும் வேலைக்கு ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் வந்தார். 1928இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. சுங்கத்தைப் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றும் பங்கு போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. உங்கள் ஊர்க்காரரான சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சித் திவானாக இருந்து அந்தத் துறைமுகத்துக்காக மிகவும் பாடுபட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவரே.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் மிளகளவு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. சுங்கத்துக்குக் கட்டிய காசா? (சுசீந்திரம்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், சக்கரம் என்ற திருவிதாங்கூர் வெள்ளிக் காசு போலத்தான் தெரிகிறது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும். இத்தனை சிறிய காசை விரலால் எண்ண முடியாது. குழி குழியாகத் துளைத்த பலகை ஒன்று வைத்திருப்பார்கள். காசை அதன்மேல் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தை வழித்துவிடுவார்கள். பெட்டியில் அப்படி ஒரு பலகையும் இருக்கிறதா என்று தேடுங்கள், விறகு என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம். காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும்.