பூட்டுச் சின்னம் எதற்குச் சான்று? – இணையம் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, இணையத்தையும் அதன்மேல் ஓடும் சேவைகளையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் எழுந்தவை. ஆகவே அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இணையத்தைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்று என் குறிப்பேட்டில் உள்ளது. சரியா? (படிவம் 4 மாணவி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தவறு. அவர் உருவாக்கியது வையவிரிவலையை, அதாவது உலாவியில் நாம் திறக்கும் பக்கங்களின் தொகுப்பான வலையை. இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிக் கட்டமைப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் அடித்தளம். அதன் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட் 1969 அக்டோபர் இறுதியில் முதல் செய்தியை அனுப்பியது. கணினி அறிவியலாளர்கள் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வளர்ந்த டிசிபி-ஐபி என்னும், கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைக்கு அது 1983 ஜனவரி 1 அன்று மாறியது. வலை பிறந்தது அதற்கும் பிறகு. ஜெனிவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெர்னர்ஸ்-லீ 1989இல் அதை முன்மொழிந்து, 1990 இறுதியில் இயக்கிக் காட்டினார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. மின்னஞ்சல் வலையைவிட ஏறத்தாழ 20 ஆண்டு மூத்தது. உங்கள் கைப்பேசியின் புலனச் (வாட்ஸ்அப்) செயலி அனுப்பும் செய்திக்கு இணையம் வேண்டும். வலைப்பக்கம் எதுவும் வேண்டியதில்லை. குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் உள்ள மகளுக்கு நான் அனுப்பும் படம் செயற்கைக்கோள் வழியாகத்தானே செல்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜெலுத்தோங்)

பதில்: இல்லை ஐயா, பெரும்பாலும் கடலுக்கடியில் செல்கிறது. கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும் பங்கைக் கண்ணாடி இழைக் கேபிள்களே சுமக்கின்றன. நீங்கள் வாழும் பினாங்கே அத்தகைய கேபிள்கள் கரையேறும் இடம். தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், கொச்சி வழியாக வரும் ‘சேஃப்’ கேபிள் இங்கேதான் முடிகிறது. ‘பே ஆஃப் பெங்கால் கேட்வே’ கேபிள் சென்னையையும் பினாங்கையும் இணைக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நேர்வழி கிடைத்தால் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கை ஒட்டிய நேரமே ஆகும். புவிநிலைச் செயற்கைக்கோளோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏறி இறங்கவே கால் விநாடி போய்விடும்.

படம் முழுதாகவும் செல்வதில்லை. தலா 1,500 பைட் அளவுள்ள பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. 3 மெகாபைட் படம் ஏறத்தாழ 2,000 பொட்டலங்கள். ஒரு புத்தகத்தின் தாள்களைத் தனித்தனி உறைகளில் இட்டு, சிலவற்றைப் பெர்ரியிலும் சிலவற்றைப் பழைய பாலத்திலும் எஞ்சியவற்றை இரண்டாம் பாலத்திலும் பட்டர்வொர்த் பக்கம் அனுப்புவதாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் உறையிலும் முகவரியும் தாள் எண்ணும் இருப்பதால், முன்பின்னாக வந்தாலும் பெறுபவர் வரிசைப்படுத்திக்கொள்வார். ஒன்று வராவிட்டால் அதை மட்டும் மீண்டும் கேட்பார். டிசிபி செய்யும் வேலை அதுவே. ஒரு கேபிள் அறுந்தாலும் இணையம் முழுவதும் நின்றுபோகாமல் வேகம் மட்டும் குறைவதற்கும், பொட்டலங்கள் வேறு வழியில் திருப்பிவிடப்படுவதே காரணம்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் லைனுக்குப் பணம் கட்டுகிறேன். பதிவிறக்கம் செய்யும்போது 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (செந்தூல்)

பதில்: இல்லை. லைன் பிட்டில் அளக்கப்படுகிறது, கோப்பு பைட்டில் அளக்கப்படுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட்; 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்.

கேள்வி: லைன் ஸ்லோ. என்ன செய்வது? (ஊர் குறிப்பிடப்படவில்லை)

பதில்: இதற்கு எப்படிப் பதில் எழுதுவது? எந்தத் திட்டம், எந்தக் கருவி, எந்த நேரம், எந்த அறை என்று ஒன்றுமே இல்லை. இதே கடிதம் மூன்றாவது முறையாக வருகிறது. கேட்பவர் முதலில் ஒரு சோதனையைச் செய்துவிட்டு எழுத வேண்டும்: கணினியை ரவுட்டருடன் கேபிள் வழியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் வேகம் சரியாக இருந்தால் குறை உங்கள் வீட்டு வைஃபையில். அப்போது சேவை நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கையில் நலிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் பின்கட்டு வரை எட்டும். ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றாதவர்கள் இன்றே மாற்றுங்கள் என்பதையும் வழக்கம்போல் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: சில நேரம் புலனச் செய்திகள் வருகின்றன, ஆனால் எந்த அகப்பக்கமும் திறப்பதில்லை. இது எப்படி? (ஆயர் ஈத்தாம்)

பதில்: கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறாக இருக்கும். கணினிகள் ஒன்றையொன்று ஐபி எண்களால் அறியும். பெயர்கள் மனிதருக்காக வைக்கப்பட்டவை. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடே 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ். அதற்கு முன் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பை ஒவ்வொருவரும் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது உச்சியில் 13 வேர்ச் சர்வர் பெயர்களும், அவற்றின்கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களும் உள்ளன. ‘டாட் எம்ஒய்’ என்று முடிபவற்றை மலேசியாவின் பெயர்ப் பதிவு அமைப்பான மைனிக் நிர்வகிக்கிறது. தேடித் தரும் அந்தச் சர்வர் பதிலளிக்காதபோது, எண்ணை முன்பே அறிந்துவைத்துள்ள செயலி இயங்கும். பெயரை நம்பியிருக்கும் உலாவி நின்றுவிடும். ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

கேள்வி: முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம் அல்லவா? (பட்டர்வொர்த், பிறை, பிரிக்பீல்ட்ஸ் எனப் பல ஊர்களிலிருந்து)

பதில்: நம்பக் கூடாது. இதை நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

பூட்டு, அதாவது எச்டிடிபிஎஸ், இரண்டு செய்திகளை மட்டுமே சொல்கிறது. உங்கள் கருவிக்கும் எதிர்முனைச் சர்வருக்கும் இடையே செல்லும் தரவை வழியில் உள்ளவர் படிக்கவோ மாற்றவோ முடியாது. அந்தச் சர்வர், முகவரிப் பட்டையில் தெரியும் பெயருக்கு உரியது. அந்தப் பெயரை வைத்திருப்பவர் நாணயமானவரா, திருடரா என்பதை அது ஆராய்வதே இல்லை. ஒரு காலத்தில் பூட்டுக்கு வேண்டிய, சர்வரின் பெயரை உறுதிசெய்யும் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்ததால் பூட்டு அரிதாக இருந்தது. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு எவருக்கும் இலவசமாக, சில நிமிடங்களில், தானியங்கி முறையில் சான்றிதழ் வழங்குகிறது. சிறு சங்கத்தின் அகப்பக்கமும் ஒட்டுக்கேட்பிலிருந்து காக்கப்படுவதற்கு இதுவே காரணம் என்பதால் நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மோசடிக்காரரும் அதே வரிசையில் நின்று அதே பூட்டைப் பெறுகிறார். மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து 2023இல் அச்சின்னத்தை எடுத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே மூத்த குடிமக்களுக்காக நடந்த ஒரு பயிலரங்கில், ‘பூட்டைப் பாருங்கள், பூட்டு இருந்தால் பயமில்லை’ என்று பயிற்றுநர் திரையில் காட்டிப் பேசினார். நான் எழுந்து மறுத்தேன். நேரமில்லை என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். அன்று அங்கிருந்த, எங்கள் தெருவில் குடியிருக்கும் அம்மையார் ஒருவர், அடுத்த ஆண்டு தபால் பொட்டலம் காத்திருப்பதாகக் கூறிய குறுஞ்செய்தியின் இணைப்பைத் தொட்டு, பூட்டு இருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, வங்கி விவரங்களை நிரப்பினார். 4,000 ரிங்கிட் போயிற்று. கவனக்குறைவானவர் என்று வீட்டார் அவரைக் குறை கூறினார்கள். அவர் தமக்குக் கற்பிக்கப்பட்டதைக் கற்பிக்கப்பட்டபடியே செய்தவர். தவறாகக் கற்பித்தவர்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

பூட்டைப் பார்க்காதீர்கள், பெயரைப் படியுங்கள். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘காம் டாட் எம்ஒய்’ என்று முடிந்தால், அதற்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள சொல்லே உரிமையாளரின் பெயர். வங்கியின் பெயரும் ‘காம் டாட் எம்ஒய்’ என்பதும் வந்து, அவற்றுக்குப் பிறகு இன்னொரு புள்ளி, ‘செக்யூர்-லாகின்’, மீண்டும் ஒரு புள்ளி, ‘டாப்’ என்று நீண்டால், அந்த முகவரிக்கும் வங்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; முன்னால் உள்ள வங்கிப் பெயர் எவரும் ஒட்டிக்கொள்ளக்கூடிய முகப்புச் சொல். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே உங்கள் வங்கியையோ மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பணம் பல கணக்குகளைத் தாண்டியிருக்கும்.

கேள்வி: என் ஐபி எண் அடிக்கடி மாறுகிறது. யாரோ ஊடுருவிவிட்டார்களா? (பிறை)

பதில்: இல்லை. பழைய ஐபி முறையில் (ஐபிவி4) மொத்தம் 430 கோடி எண்களே உண்டு; ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பொதுக் கையிருப்பு 2011லேயே கடைசிக் கட்டத்தை எட்டிவிட்டது. சேவை நிறுவனம் இருப்பதைச் சுழற்றி வழங்குகிறது.

கேள்வி: முகவரியைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: முடியும். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே நாட்டு முடிவுகள் உள்ளன. மலேசியாவுக்கு உள்ளது ஜாவி எழுத்தில். பின்னணியில் அப்பெயர் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் உரோமன் எழுத்துக் கோவையாகவே டிஎன்எஸ்ஸில் பதிவாகிறது. பிறமொழி எழுத்துகள் உரோமன் எழுத்துகளைப் போலவே தோன்றும்படி அமைத்தும் மோசடி நடப்பதால், வங்கி முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வந்த இணைப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: மறைநிலைச் சாளரத்தில் பார்த்தால் அலுவலகத்துக்குத் தெரியாதுதானே? (பாயான் லெப்பாஸ்)

பதில்: தெரியும். அந்தச் சாளரம் உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காமல் விடுகிறது, அவ்வளவே. எந்தத் தளத்துக்குச் சென்றீர்கள் என்பதை அலுவலகக் கட்டமைப்பை நடத்துபவர் பெரும்பாலும் காணலாம். எச்டிடிபிஎஸ் இருந்தால், அத்தளத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது வழியில் தெரியாது. அலுவலகமே கண்காணிப்பு மென்பொருளை நிறுவியுள்ள கணினியாக இருந்தால் அதுவும் தெரியும்.