இரைப்பைப் புற்று: ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஸ்கேன் (கேள்வி பதில்)

(பதில்கள்: ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர்)

எண்டோஸ்கோப்பியிலேயே புற்று என்று தெரிந்துவிட்டது. பிறகு எதற்கு சி.டி.?

எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உள்சுவரோடு நின்றுவிடும். கல்லீரல், நெறிக்கட்டி, நுரையீரல் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே பரவியிருந்தால் பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை, கீமோதான்.

ஸ்கேனுக்கு முன் எதற்கு அவ்வளவு தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்?

காலி இரைப்பை கசங்கிய துணிப்பை மாதிரி. மடிப்பெல்லாம் கட்டி போலத் தெரியும். தண்ணீர் நிரம்பினால் சுவர் விரிந்துகொடுக்கும். கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாக விழ நரம்பில் போடும் மருந்து) ஏறிய சுவர் வெளுப்பாக, தண்ணீர் கருமையாகப் பிரிந்து தெரியும். முகம் சுளிக்காமல் குடியுங்கள்.

ரிப்போர்ட்டில் 'பரவல் இல்லை'. ஆனால் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) அம்மாவின் வயிற்றுக்குள் ரவை தூவியது போல் கட்டிகள். ஸ்கேன் தப்பா டாக்டர்?

தப்பில்லை அம்மா, அதன் எல்லை அது. வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டிகள் சி.டி.யில் பெரும்பாலும் நழுவிவிடும். ஒல்லியானவர்களுக்கு இன்னும் கஷ்டம். உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவதே இடையில் இருக்கும் கொழுப்புதான். படத்தில் நான் நேராக இடுப்புக்குழிக்குப் போவேன். அங்கே கொஞ்சம் நீர் தேங்கியிருந்தாலோ, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை புகைபடிந்தது போல இருந்தாலோ சந்தேகம் வரும். கட்டி சுவரில் ஆழமாக இறங்கியவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி செய்து, உப்புநீர் விட்டு அலசி, அந்த நீரையும் சோதிப்பது அதனால்தான். கண்ணுக்கு எதுவும் படாமல் அந்த நீரில் புற்றுச் செல் இருந்தாலும் நான்காம் நிலை என்றே கணக்கு. 'தெரியவில்லை' வேறு, 'இல்லை' வேறு.

அப்படியானால் நேராக லேப்ராஸ்கோப்பியே செய்யலாமே?

கேமரா மேற்பரப்பைத்தான் பார்க்கும். கல்லீரலின் உள்ளே யார் பார்ப்பது?

இரண்டும் வேண்டும் என்பதே பணம் பிடுங்கத்தான்.

சார், முழு வயிற்றையும் திறந்து, பரவலைப் பார்த்துவிட்டு, அப்படியே தைத்து மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு, அந்தக் காயம் ஆறும்வரை கீமோ தள்ளிப்போவது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். லேப்ராஸ்கோப்பிக்குச் சில சிறு துளைகள் போதும்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். இரைப்பை உள்சுவரின் மேலடுக்கோடு நிற்கும் ஆரம்பக் கட்டிக்குத் தேவையில்லை. சார் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

பெட் ஸ்கேன் (புற்றை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன்) எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. இரைப்பைப் புற்றில் சில வகைகள், முக்கியமாக முத்திரை மோதிரச் செல் வகை, அதில் சரியாக ஒளிராது.

இறால் ஒத்துக்கொள்ளாது. கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

இறாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

12 மில்லிமீட்டர் நெறிக்கட்டி என்றால் பரவிவிட்டதா?

அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அழற்சியிலும் வீங்கும்; சிறியதிலும் புற்று இருக்கும்.

ரிப்போர்ட் க்ளியர். அப்போ பரவவில்லைதானே?

மூன்றாவது பதில்.

ஃபிலிமை மொபைலில் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள். டிஸ்க்கை வாங்கி ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் கொடுங்கள்.

ஸ்கேன் க்ளியர்தான். ஆனால் அப்பாவின் தொப்புளில் புதிதாகக் கெட்டியாக ஒரு கட்டி...

தம்பி, நாளைக்கே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டு. டிஸ்க்கையும் எடுத்துக்கொள்.