கரண்ட் போனால் சம்ப் நிரம்பி வழிகிறது, நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதுமா?

நான்கு அடி உப்புத் தண்ணீர் மீன் தொட்டி, கீழே சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து சுத்தமாகும் சின்னத் தொட்டி), கரண்ட் போகும்போதெல்லாம் சம்ப் வழிகிறது, பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் குழாயில், தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நான் அப்படித்தான் நம்பினேன். செந்தூலில் ஏழாவது மாடி வீடு. கோலாலம்பூரில் சாயங்கால மழையும் இடியும் உங்களுக்கே தெரியும், ஒரு நாள் நான் வேலையில் இருந்தபோது இடி இடித்து வீட்டு மெயின் ட்ரிப் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர், கீழ் வீட்டு அக்கா வாசலில் நிற்கிறார், "தம்பி, எங்க சீலிங்ல சொட்டுது" என்கிறார். வால்வைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு படிந்து, ஒரு சின்ன நத்தை ஓடும் சிக்கி, மூடாமலே நின்றிருந்தது. பவளம் வளர்க்கும் தண்ணீரில் கால்சியம் அதிகம், அது இப்படிப் படியத்தான் செய்யும்.

பம்ப் நின்றதும் என்ன நடக்கிறது? ரிட்டர்ன் குழாயின் முனை தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரும் சைஃபன் ஆகி, அதாவது அதே குழாய் வழியே தானாகவே உறிஞ்சப்பட்டு, சம்புக்கு இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 × 45 செ.மீ. தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்றாலே 5.4 லிட்டர். முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர். 60 × 40 சம்பில் அது 11 செ.மீ.க்கு மேல் ஏறும், அந்த இடம் காலியாக இல்லையென்றால் தரைக்குத்தான் வரும்.

அதனால் முனையை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரும்படி உயர்த்துங்கள். குழாயிலேயே, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிக் கீழே, ஒரு சின்னத் துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒரு முறை குச்சியால் குத்தி விடுங்கள். அப்புறம் பம்பை நிறுத்தி, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பிறகு, விளிம்புக்கு 4 செ.மீ. குறைவாகச் சம்பை நிரப்புங்கள். பம்பைப் போட்டு மட்டம் நிலைத்ததும் மார்க்கரால் ஒரு கோடு. எந்தக் காரணத்துக்கும் அந்தக் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள்.

மேல் தொட்டியும் வழியலாம், இதைப் பலர் யோசிப்பதில்லை. மேலிருந்து சம்புக்குத் தண்ணீர் இறங்கும் வடிகுழாயை நத்தையோ பாசியோ அடைத்தால், பம்ப், சம்புக்குள் அது இருக்கும் அறையில் உள்ளதை எல்லாம் மேலே அனுப்பும். அந்த அறையில் 12 லிட்டர் இருந்தால் மேல் தொட்டி 2 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக உயரும், அந்த அளவு இடம் மேலே இருக்க வேண்டும். இன்னொரு வடிகுழாயும் இருந்தால் இன்னும் நிம்மதி.

ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. அதனால் குறைவதை ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் 1.025-ல் இருக்க வேண்டிய அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். நம் சூட்டுக்கு விசிறி வைத்திருந்தால் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும். தானாக நிரப்பும் மிதவை சுவிட்ச் வைப்பதானால், அதை வீட்டுக் குழாயோடு நேராக இணைக்கவே வேண்டாம், சிறிய வாளி போதும்: மிதவை சிக்கி வாளி மொத்தமும் உள்ளே போனாலும் சம்ப் வழியக் கூடாது. அந்த வாளிக் குழாயின் முனையும் சம்ப் தண்ணீரில் மூழ்காமல் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் அங்கேயும் சைஃபன்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போதே நீங்களே பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் சம்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வால்வு மாட்டியிருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.