டவுன் சிண்ட்ரோம் குழந்தை வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி (பெரம்பூர், தந்தை): 20 நாள் குழந்தை. கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 47 குரோமோசோம் என்று வந்திருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: சொந்தத்தில் செய்ததாலும் இல்லை, கிரகணத்தாலும் இல்லை சார். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது, பிரிய வேண்டிய 21-ஆவது குரோமோசோம் ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுகிறது. அதனால்தான் வழக்கமான 46-க்குப் பதில் 47. 100-ல் 95 பேருக்கு இந்த வகைதான். அடுத்த முறைக்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அம்மாவுக்கு 40 வயது நெருங்கினால் கூடும். ரிப்போர்ட்டில் 46 என்றே போட்டு, 14-ஆவது குரோமோசோமும் 21-ஆவதும் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தால்தான் பெற்றோர் இருவருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். அம்மா அதன் கேரியராக (தனக்குப் பாதிப்பில்லாமல் அதைச் சுமப்பவராக) இருந்தால் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம்.

இப்போதைக்கு அதைவிட அவசரம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன். ஒரு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் குறை இருக்கும். “ஸ்டெத்தில் சத்தம் இல்லை” என்பதை நம்பி விடக்கூடாது. பிறந்த வாரங்களில் நுரையீரல் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பெரிய ஓட்டைகூடச் சத்தம் போடாது. அதைக் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து, பிறகு ஆபரேஷனே செய்ய முடியாமல் போகும். கூடவே ரத்த அணு எண்ணிக்கை, டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), காது, கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வேளச்சேரி, தாய்): 10 மாதம் ஆகியும் உட்காரவில்லை. மாமியார் வாக்கரில் போடச் சொல்கிறார்.

பதில்: வாக்கர் வேண்டவே வேண்டாம்மா. இந்தக் குழந்தைகள் ஏறக்குறைய 9 முதல் 11 மாதத்தில் உட்காருவார்கள், 2 வயதை ஒட்டி நடப்பார்கள். சிலருக்கு 3-உம் ஆகும். உடம்பு துவளும், மூட்டுகள் தளர்வாக இருக்கும். வாக்கரில் போட்டால் காலை அகட்டி நுனிவிரலில் உந்தப் பழகிவிடும், பின்னால் திருத்துவது கஷ்டம். நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள்: 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை, நீங்கள் பக்கத்திலேயே இருந்து. உட்கார வைக்கும்போது அக்குளைப் பிடிக்காதீர்கள், இடுப்பைப் பிடியுங்கள். அப்போதுதான் முதுகுத் தசை வேலை செய்யும். பிசியோவின் நோக்கமும் சீக்கிரம் நடக்க வைப்பதைவிடத் தப்பான பழக்கம் ஒட்டாமல் பார்ப்பதுதான்.

கேள்வி (ஆலந்தூர், தாய்): மகனுக்கு 3 வயது. சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் இல்லை. “டவுன் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்கிறார்கள்.

பதில்: லேட்டாகும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ குழந்தைகளின் காதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துளை குறுகல், மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயும் குறுகல். அதனால் நடுக்காதில் பசைபோல நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, யாருக்கும் தெரியாது. மெல்லிய மெய்யொலிகள் விழாமல் ‘தா’வும் ‘வா’வும் வெறும் ‘ஆ’வாகவே கேட்கும். பிறந்தபோது காது டெஸ்ட்டில் பாஸ் ஆனது இன்றைக்குச் செல்லாது. பெராவோடு (சத்தம் மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) டிம்பனோமெட்ரியும் (காது சவ்வின் அசைவைக் கோடாகக் காட்டும் டெஸ்ட்) கேளுங்கள். அதில் கோடு மேடில்லாமல் தட்டையாக வந்தால் பெரும்பாலும் நீர்தான். 3 மாதம் கழித்தும் வற்றாவிட்டால் குரோமெட் குழாயா (நீர் தேங்காமல் இருக்கக் காது சவ்வில் வைக்கும் சின்னக் குழாய்), காது கேட்கும் கருவியா என்று ஈ.என்.டி. டாக்டரோடு பேசுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ‘வேணும்’, ‘போதும்’, ‘தண்ணி’ மூன்றுக்கும் கைஜாடை, சொல்லையும் சேர்த்தே. ஜாடை பழகினால் பேச்சு வராது என்பது வீண் பயம். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வர அவ்வளவு நேரம் பிடிக்கும். ஸ்கூலுக்காக வீட்டில் தமிழை விட வேண்டியதில்லை.

கேள்வி (அம்பத்தூர், தந்தை): மகளுக்கு 5 வயது. சோம்பல், மலச்சிக்கல், எடை கூடுகிறது. தூங்கும்போது குனிந்து முழங்காலில் தலை வைத்துக்கொள்கிறாள்.

பதில்: கடைசியாக டி.எஸ்.எச். எப்போது பார்த்தீர்கள்? 6 மாதம், 1 வயது, பிறகு வருடா வருடம் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் வரும் அறிகுறிகள் இவைதான். அப்படித் தூங்குவது மூச்சுத் தடைக்கு அடையாளம். குறட்டையே இல்லாவிட்டாலும் தூக்கப் பரிசோதனை தேவை. போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். டான்சில் ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்து எலும்புத் தளர்வைப் பற்றிக் கேளுங்கள். நன்றாக நடந்தவள் திடீரெனத் தள்ளாடினாலோ, கழுத்து சாய்ந்தாலோ, உடையில் சிறுநீர் போக ஆரம்பித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்துக்கு ஆபத்து என்பதால் குட்டிக்கரணம் வேண்டாம்.

கேள்வி: ஞாபகசக்தி டானிக், ஸ்டெம் செல் சிகிச்சை கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம்.

கேள்வி (தாம்பரம், தாய்): மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்தால் முத்திரை குத்திவிடுவார்களோ?

பதில்: எடுங்கம்மா. யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஆன்லைனில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்வார்கள். அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் சேர்த்து. பயிற்சிக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறன் நிறுவனம் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.