வீட்டுக்கு வந்ததும் தலைவலி போய்விடுகிறது, ஏன்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஜன்னல் திறக்க முடியாத ஏசி அலுவலகத்தில் வேலை. மதியம் மூன்று மணிக்கு மேல் தலைவலி, கண் எரிச்சல், தூக்கம் தூக்கமாக வருகிறது. அநேகமாகத் தினமும் பாராசிட்டமால் போடுகிறேன். விடுமுறை நாளில் ஒன்றுமே இல்லை. கண், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. வெளிக்காற்றுக்கு வழி செய்யச் சொன்னால், ‘கரண்ட் பில் ஏறும்’ என்கிறது நிர்வாகம். என்ன செய்வது?

பதில்: விடுமுறையில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். கட்டடத்துக்குள் இருக்கும்போது தொந்தரவு, வெளியே வந்தால் நிம்மதி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் காற்றை.

ஏசி ஓடினால் நல்ல காற்று வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. பெரிய கட்டடங்களில் வெளிக்காற்றுக்குத் தனி வழி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த முதலில் குறைப்பதும் அதைத்தான். அப்போது நாம் விடும் கார்பன் டை ஆக்சைடும், கம்பளம், பெயிண்ட், துப்புரவுத் திரவம் விடும் ஆவிகளும் உள்ளேயே தேங்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் (அதாவது, பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு). ஆட்கள் நிறைந்த மூடிய அறையில் அது 1000-ஐ எளிதில் தாண்டும்.

இப்போது பில் விஷயம். நிர்வாகம் கணக்கில் பாதியைத்தான் பார்க்கிறது. ஓர் அலுவலகத்தில் சம்பளச் செலவோடு ஒப்பிட்டால் மின்செலவு மிகச் சிறியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-இல் அமெரிக்க அலுவலகங்களுக்குப் போட்ட கணக்கு இது: வெளிக்காற்றை இரட்டிப்பாக்க ஆளுக்கு ஆண்டுக்கு 40 டாலருக்கும் குறைவு, வேலைத்திறனில் கிடைப்பது சுமார் 6,500 டாலர். இரண்டாவது எண்ணை நான் அப்படியே ஏற்கமாட்டேன். சிந்தனைத்திறன் சோதனையில் எடுத்த மதிப்பெண்ணைச் சம்பளமாக மாற்றிப் பெற்றது அது. பத்தில் ஒரு பங்குதான் உண்மை என்றாலும், செலவைப்போல் பதினாறு மடங்கு வருகிறது. என்னை அதிகம் நம்ப வைத்தது 2000-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு. ஒரே நிறுவனத்தின் 3,700-க்கும் மேற்பட்ட ஊழியர்களில், வெளிக்காற்று குறைவான இடங்களில் இருந்தவர்கள் அதிகம் மருத்துவ விடுப்பு எடுத்தார்கள்.

ஆகவே புகாராகப் போகாமல் அளவோடு போங்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை மேசையில் வைத்து, இரண்டு வாரம் மணிவாரியாகக் குறியுங்கள். பக்கத்திலேயே தலைவலி வந்த நேரத்தையும் எழுதுங்கள். சக ஊழியர்களும் எழுதினால் இன்னும் நல்லது. பராமரிப்பாளரிடம் இரண்டு கேள்வி: வெளிக்காற்று வழி திறந்திருக்கிறதா, ஃபில்டர் எப்போது மாற்றியது? வெளியே புகையும் தூசியும் அதிகம் என்றால் வழியைத் திறந்தால் மட்டும் போதாது, நல்ல ஃபில்டரும் வேண்டும்.

மாத்திரையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து அதைக் குறையுங்கள். மூச்சிரைப்பு, இளைப்பு, காய்ச்சல் வந்தாலோ, விடுமுறையிலும் தலைவலி தொடர்ந்தாலோ, காற்றின் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம்.