இரவுக் குளிசை: அமிட்ரிப்டிலின் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

நான் வன்னியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அமிட்ரிப்டிலின் குளிசையை உறையில் போட்டு நீட்டும்போது, யன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எதையோ கேட்க வாயெடுப்பார். பின்னால் நீளும் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அப்படி விழுங்கிய கேள்விகளை ஆறுதலாக எழுதிக் கேட்கச் சொன்னேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்: 2009இல் எறிகணையில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தேன். இல்லாத அந்தப் பாதம் இன்றும் இரவில் எரிகிறது. வைத்தியர் 10 மில்லிகிராம் குளிசை ஒன்றை இரவில் போடச் சொன்னார். அது மனநோய்க்கான மருந்து என்கிறான் மருமகன். தங்கச்சி, வைத்தியர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?

இல்லை அண்ணை. உங்கள் வலி உண்மையான வலி. கால் போனாலும் அந்தக் காலுக்கு உரிய நரம்பும் மூளையில் அதற்கு உரிய இடமும் போகவில்லை. அறுந்த நரம்பு பிழையான செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பனடோல் அந்தச் செய்தியை நிறுத்தாது.

அமிட்ரிப்டிலின் 1961இல் மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருமகன் சொன்னது பொய்யல்ல, பாதிக் கதை. செரடோனின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு பொருட்களையும் நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இந்த மருந்து தடுக்கிறது. முள்ளந்தண்டில் வலிச் செய்தியை அடக்குவதற்கும் உடல் இதே இரண்டு பொருட்களைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் நீரிழிவுக்காரரின் கால் எரிவுக்கும், அக்கி ஆறிய பிறகும் விடாத வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும் இதையே எழுதுகிறார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிகிராம் வரை தேவைப்படும். வெறும் 10 என்று எழுதியிருப்பதிலேயே வைத்தியரின் எண்ணம் தெரிகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இழந்த உறுப்பின் வலிக்கு இது எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. சில வாரங்கள் போட்டும் எரிவு குறையவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். வேறு மருந்துகளும் இருக்கின்றன. இன்னொன்று: மனச்சோர்வுக்காகவே எழுதியிருந்தாலும் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நம் மக்கள் சுமந்து வந்த பாரத்துக்கு மருந்து கேட்பது குற்றமல்ல.

மாங்குளத்திலிருந்து ஓர் அம்மா: நீரிழிவால் கால் எரிகிறது. மூன்று நாள் போட்டேன், எரிவு அப்படியே இருக்கிறது. வாய் மட்டும் காய்கிறது. விட்டுவிடவா?

விடாதீர்கள் அம்மா. இந்த மருந்தில் தொல்லை முதலில் வரும், பயன் பிறகுதான் வரும். வாய் காய்வதும் தூக்கக் கலக்கமும் முதல் இரவிலேயே தெரியும். வலி குறையத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், முழுப் பயன் தெரிய ஆறு வாரம் வரையும் செல்லலாம். தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். டொபி சூப்புவது உங்கள் சீனிக்கு ஆகாது. மலச்சிக்கல் வரும், கீரையும் தண்ணீரும் கூடட்டும். இரவில் வெளியே போக எழும்பும்போது ஒரு நிமிடம் கட்டிலில் இருந்துவிட்டு எழும்புங்கள். திடீரென எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறிப்பது பலவேளை இப்படித்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி: விடிந்தும் தலை பாரமாக இருக்கிறது. உழவு இயந்திரம் ஓட்டலாமா?

அந்தப் பாரம் போகும்வரை ஓட்டாதீர்கள், மோட்டார் சைக்கிளும் வேண்டாம். படுக்கும் நேரத்துக்குப் பதிலாக மாலை 7 மணியளவில் போட்டுப் பாருங்கள், பலருக்குக் காலையில் தெளிவு வந்துவிடும். வயலுக்குள் நிற்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: இந்த மருந்து சிலருக்கு வியர்வையைக் குறைத்துவிடும். வியர்க்காவிட்டால் உடல் சூடு வெளியேறாது. சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகல் வேலையைத் தவிருங்கள். கள்ளு, சாராயம் எதுவும் இதனோடு சேரக் கூடாது.

வவுனியாவிலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் மாரடைப்பு வந்தது. சலம் போவதும் கஷ்டம். அம்மாவின் குளிசையில் ஒன்றை அவருக்கும் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு இது ஆகாது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால் சலம் முழுதாக அடைத்துவிடலாம். ஒருவகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் இது ஆபத்து.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: எவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது?

வைத்தியருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்காதீர்கள். குறிப்பாக வலிக்கு எழுதும் ட்ரமடோல்: இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்கு எழுதும் ஃபுளுவொக்செட்டின் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிட்டோன் தூக்கத்தையும் வாய் காய்வதையும் இன்னும் கூட்டும். கைவைத்தியத்தில் ஊமத்தை சேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாயைக் காய வைப்பது, சலத்தை அடைப்பது, புத்தியைத் தடுமாற வைப்பது என்று ஊமத்தையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மல்லாவியிலிருந்து ஒரு தாய்: மாமியின் குளிசை உறை சுவாமிப் படத் தட்டில் இருக்கிறது. மகனுக்கு மூன்று வயது. பயமாக இருக்கிறது அக்கா.

உங்கள் பயம் சரியானது. இங்கே எழுதியதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நாங்கள் கொடுப்பது கடதாசி உறை. அதற்குப் பூட்டும் இல்லை, இறுக்கமான மூடியும் இல்லை. சிறு பிள்ளையின் உயிருக்கு ஒரு சில குளிசைகளே ஆபத்து. இன்றைக்கே அந்த உறையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள், திறப்பு உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மாமி கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள்.

பிள்ளை விழுங்கிவிட்டான் என்ற சந்தேகம் வந்தாலே போதும், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். சத்தி எடுக்க வைக்காதீர்கள். விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் தூக்கம் போலத் தோன்றும், சில மணி நேரத்துக்குள் வலிப்பும் இதயத் துடிப்புக் குழப்பமும் வரலாம். நேரத்தோடு போனால் வைத்தியசாலையில் இதயத்தைக் கண்காணித்து, நாளத்தின் வழியாக சோடியம் பைகார்பனேற் ஏற்றிக் காப்பாற்ற வழி இருக்கிறது. உறையையும் கையோடு கொண்டு போங்கள்.

வீட்டில் மனம் உடைந்து போனவர் இருந்தாலும் இதே பூட்டு வேண்டும். இரண்டு மாத மருந்தை ஒரேயடியாக வாங்காமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள், அது முறையான வேண்டுகோள்தான். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் உயிரை மாய்க்கும் எண்ணம் கூடலாம், அந்த நாட்களில் அவர்களைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் எந்த நேரமும் பேசலாம்.

நெடுங்கேணியிலிருந்து ஒருவர்: ஒரு வருடமாகப் போடுகிறேன், இப்போது வலி இல்லை. அடிமையாகிவிட்டேனா? நாளைக்கே நிறுத்தலாமா?

அடிமையாகவில்லை தம்பி. ஆனால் நாளைக்கே நிறுத்தினால் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வந்து உங்களைக் குழப்பும். கிளினிக் கொப்பியோடு போங்கள், நான்கு வாரமளவில் படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். மிஞ்சிய குளிசைகளை வீட்டில் வைத்திருக்காமல் யன்னலடியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.