எடுப்பதற்காகவே வைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 43 வயது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது நான்கைந்து நாட்களை ஒதுக்கி, வீடு முழுவதையும் இறக்கித் துடைத்து அடுக்குகிறேன். பெட்டிகள், பல நிறக் கோப்புகள், செலவெழுதச் செயலிகள் என்று எல்லாம் வாங்கியாயிற்று. மூன்றே மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சென்ற மாதம் என் கணவர் திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது காப்பீட்டு ஆவணத்தைக் கண்டெடுக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்! இப்போது அவர் நலம். இருவரும் சம்பாதிக்கிறோம், ஆனாலும் மாதக் கடைசியில் பணம் எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. ஒழுங்கு என்பது என் இயல்பிலேயே இல்லையோ? எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் நலமடைந்ததில் மகிழ்ச்சி. ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டையே இறக்கி அடுக்கும் ஒருவரிடம் ஒழுங்குணர்வு இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் சிக்கல் ‘பத்திரமாக வைத்திருந்தேன்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்த பொருள்தான் முதலில் தொலைகிறது என்பதை நானும் பட்டு அறிந்தவன். ஒருமுறை ஒரு சான்றிதழைத் தேடிக் களைத்து, விண்ணப்பித்து நகல் பெற்று வந்த மறுவாரம், அசல் ஓர் அகராதியின் நடுவிலிருந்து விழுந்தது. ஒன்றை வைக்கும்போது அது எதிலும் சிக்காமல், யார் கையிலும் படாமல் இருக்க வேண்டும் என்று மட்டுமே எண்ணுகிறோமே தவிர, பதற்றத்தோடு அதைத் தேடி வரப்போகும் நாளின் நம்மை எண்ணிப்பார்ப்பதில்லை. கண்ணுக்கு அழகாக அடுக்குவது வேறு, எடுப்பதற்காக வைப்பது வேறு. நீங்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்தது முதலாவது.

ஜப்பானியப் பொருளியலாளர் நோகுச்சி யுகியோ 1993இல் ஒரு முறையை முன்வைத்தார். தாள்களை வகை பிரிக்கவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்தையும் ஓர் உறையிலிட்டு, அலமாரியில் நிற்கவைத்து, எடுத்துப் பயன்படுத்திய உறையை எப்போதும் இடது ஓரத்தில் திருப்பி வைத்தால் போதும். அடிக்கடி தேவைப்படுபவை தாமாகவே இடப்பக்கம் சேரும். தேவையற்றவை வலப்பக்கம் ஒதுங்கும். இது சோம்பேறியின் வழி போலத் தோன்றலாம். ஆனால் இதே உத்தியைக் கணினியியலாளர்களான ஸ்லீட்டரும் டார்ஜனும் 1985இலேயே கணிதமாக ஆராய்ந்திருந்தார்கள். எடுத்ததை முன்னால் வைப்பது என்ற ஒரே விதியைப் பின்பற்றினால், இனி எதெது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் அடுக்கும் மிகச் சிறந்த அடுக்கைவிட, தேடும் உழைப்பு இரண்டு மடங்குக்கு மேல் போகாது என்பது அவர்களின் நிறுவல். உங்கள் மேசையில் குவிந்திருக்கும் தாள்களும் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் இருக்கின்றன. அதை வெட்கப்பட்டுக் கலைத்து வகை பிரிக்கும்போதுதான் எது எங்கே என்ற நினைவு அறுகிறது.

ஆனால் அவசரத்திற்கு வேண்டியவற்றுக்கு இது போதாது. ஆண்டுக்கொரு முறைகூடத் தொடாத காப்பீட்டு ஆவணம் வலக்கோடிக்குப் போய்விடும். ஆகவே வீட்டையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்திற்குள் கைக்கு வந்தே தீரவேண்டிய தாள்கள் எவை என்று மட்டும் முதலில் கேளுங்கள். அடையாள ஆவணங்கள், காப்பீடு, இருவரும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், வீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தம், உயில் ஆகியவை ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். அதன் முகப்பில் ஒரு தாளை வையுங்கள்: எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், எந்த அசல் வேறெங்கே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நியமனதாரர், அதாவது உங்களுக்குப் பின் அந்தப் பணத்தைப் பெறப் பதிவு செய்யப்பட்டவர், யார். இந்தக் கடைசி விவரத்தைப் பலரும் கணக்குத் தொடங்கிய நாளோடு மறந்துவிடுகிறார்கள். திருமணத்திற்குப் பிறகும், நியமிக்கப்பட்டவர் இறந்த பிறகும்கூட அதே பெயர் அப்படியே கிடக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், சில இடங்களில் உயிலில் எழுதியதை மீறி அந்தப் பதிவே செல்லும். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுதாதீர்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் உங்கள் கணவர் அறிந்திருந்தால் போதும். உத்தரவாதத்திற்காக வைத்திருக்கும் ரசீதுகளை இன்றே படமெடுத்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை மையால் அல்ல, வெப்பத்தால் அச்சானவை. வெயிலும் சூடும் பட்டால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள்ளேயே வெற்றுத்தாளாகிவிடும்.

பணத்திற்கு வருகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போடாதே என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. செலவெழுதும் செயலியை நீங்கள் இரண்டாம் வாரத்தில் கைவிட்டிருப்பீர்கள்; நானும் அப்படித்தான். ஒவ்வொரு சில்லறைச் செலவையும் எழுதிவைப்பதில் செலவைவிட அலுப்பே பெரிதாகிவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பின்னோக்கிப் போங்கள். கடந்த 12 மாதங்களின் கணக்கறிக்கையை வங்கி ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. ஒரு மாலை நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, உங்கள் கை படாமல் தானாகவே போகும் தொகைகளுக்கெல்லாம் கோடிடுங்கள். தவணைகள், காப்பீட்டுக் கட்டணம், யாரும் பார்க்காத சந்தாக்கள் எல்லாம் அதில் தெரியவரும். அடுத்து, ஆண்டுக்கொரு முறை வந்து ‘எதிர்பாராத செலவு’ என்று பெயர் வாங்குபவற்றைத் தனியே கூட்டி, 12ஆல் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்கிற்கு மாற்றிவிடுங்கள். வரி, கல்விக் கட்டணம், வண்டி பராமரிப்பு ஆகியவற்றில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? அவை தேதி சொல்லித்தான் வருகின்றன.

கடன் அட்டையில் பாக்கி இருக்குமானால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதல் வேலை. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் கடன் எத்தனை காலத்தில் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்; மாதத்திற்கு 3 சதவீதம் என்றால் 24 மாதங்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, எதை முதலில் அடைப்பது என்ற விவாதம் எங்கள் வீட்டில் எழவில்லை.

பொருட்களைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. குறைவாக வைத்திருப்பதையே பெருமையாகப் பேசும் இன்றைய பாணி எனக்கு ஒட்டுவதில்லை. நான்கு பேர் வாழும் வீடு நான்கு பேர் வாழும் வீடாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த கானமன், நெட்ச், தாலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கையில் காப்பிக் கோப்பை கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தரச் சம்மதித்த விலையைப் போல இரு மடங்கு இருந்தது. கையிலெடுத்து ‘இதைக் கொடுத்துவிடலாமா’ என்று கேட்டால் மனம் மறுக்கும். ‘இது என்னிடம் இல்லாவிட்டால் இன்று வாங்குவேனா’ என்று கேளுங்கள். அலமாரியில் பாதி அன்றே காலியாகும். உங்கள் கணவரின் பொருட்களுக்கு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியவை தலைக்குள் சுழன்றுகொண்டே இருப்பதையும் எழுதிவைப்பதால் குறைக்கலாம். ஆனால் ‘காப்பீடு’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் பயனில்லை. எப்போது, எங்கே உட்கார்ந்து, எந்த எண்ணை அழைப்பது என்ற அளவுக்கு எழுதினால்தான் மனம் அதை விடுகிறது. முடிக்கப்படாத வேலைகள் மனத்தில் குறுக்கிடுவது திட்டமான ஒரு வழி வகுத்ததுமே தணிகிறது என்பதை உளவியலாளர்களான மாசிகாம்போவும் பௌமெய்ஸ்டரும் 2011இல் சோதனைகளில் கண்டார்கள். குறிப்பேடா செயலியா என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

அவசரத் தாள்களுக்கான அந்த ஒரு கோப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுங்கள். முடித்ததும் அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டு, காப்பீட்டு ஆவணத்தை எடுத்துவரச் சொல்லி உங்கள் கணவரை அனுப்புங்கள். அவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அவருக்கு எத்தனை நிமிடங்கள் ஆயின என்று எழுதுங்கள்.